நூலகத்துக்கு ஓர் இணைப்பு போட்டால் போதாதா?

2024 ஜனவரி 29, வாசகர் கேள்வி

மொரிஷியஸில், காத்ர் போர்ன் ஊரில் பகுதிநேரப் பாடம் எடுக்கிறேன். இணையவழிப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே நூலகத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டேன். வேண்டியவர் போய்ப் படித்துக்கொள்ளட்டும். எல்லாரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். இதற்கு மேல் நூலகத்தைப் பாடத்துக்குள் இழுத்துவருவது வீண்வேலை என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 29, இரவு

மறுக்கிறேன். மூன்று ஆண்டு நானும் அப்படித்தான் செய்தேன்.

பி.ஏ. தமிழ், மாலை வகுப்பு, முழுக்க இணையவழி. 22 பேர். பாதிப்பேர் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள். ஒருவர் பெல் மாரில் விடுதி வரவேற்பில் இருக்கிறார். ஒரு தம்பி பேருந்து நடத்துநர். பாடம் நடத்தும் தளமான மூடிலில் முதல் பக்கத்தில் ‘நூலகம்’ என்று பெரிதாக ஓர் இணைப்பு. ஆண்டு முடிவில் யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்த்தேன். 4 பேர் தொட்டிருந்தார்கள், அதுவும் முதல் வாரத்தில், ஒரே ஒரு தடவை. கட்டுரைகளில் வந்த மேற்கோள் எல்லாம் விக்கிப்பீடியாவும் நான் எழுதிக்கொடுத்த குறிப்பும்தான்.

சோம்பல் என்று சொல்லிவிடலாம், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. விடியற்காலை பேருந்து ஏறி, பள்ளி முடித்து, டியூஷன் எடுத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசியில் பாடத்தைத் திறக்கிறார் ஒருவர். நூலகத்தின் முகப்பில் அவருக்குக் கிடைப்பது ஒரு தேடல் பெட்டி. எதைத் தட்டுவது? எதையோ தட்டினால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. மூடிவைத்துவிட்டுப் படுக்கப்போகிறார்.

ஜனவரி 30

“அப்படியென்றால் என்ன செய்கிறீர்கள்?” என்று அந்த வாசகர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

வாரப் பணிக்குள்ளேயே புத்தகத்தை வைக்கிறேன். மூன்றாம் வாரம் சிலப்பதிகாரம், மனையறம்படுத்த காதை. முன்பெல்லாம் “மேலும் படிக்க” என்று அடியில் நாலு நூல் பெயர் போடுவேன். இப்போது பணியே இப்படி: உ.வே. சாமிநாதையரின் 1892ஆம் ஆண்டுப் பதிப்பின் வருடிய (ஸ்கேன் செய்த) படியில் இந்தப் பக்கத்தைத் திறங்கள். அடியார்க்குநல்லார் உரையில் உங்களுக்குப் பிடிபடாத ஒரு சொல்லை எடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் அதைத் தேடுங்கள். கண்டதை மூன்று வரியில் எழுதுங்கள். அகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, பிறகு 1939இல் அனுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கைப்பேசியிலேயே இரண்டு நிமிட வேலை.

பக்கம், சொல், அகராதி. மூன்றையும் தொடாமல் பணி முடியாது. அந்த வாரம் 20 பேர் திறந்தார்கள்.

பிப்ரவரி 2

நேற்று ராத்திரி வாட்சப்பில் வரிசையாக, எங்கள் ஊர்க் கிரியோல் மொழியில், ஒரே செய்தி. “மிஸ், லியேன்-லா பா பே மார்சே.” இணைப்பு வேலை செய்யவில்லையாம். எனக்கு மட்டும் அழகாகத் திறக்கிறது.

தப்பு என்னுடையது. நான் கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து, ஆய்விதழ்த் தளத்தில் தேடி, மேலே முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டேன். அது அந்த நேரத்து அமர்வுக்கு மட்டும் பிறந்த முகவரி. நான் எழுந்துபோனதும் அதன் ஆயுள் முடிந்தது. நகலெடுக்க வேண்டியது பக்கத்தில் ‘நிலையான இணைப்பு’ என்று தனியாக இருக்கும் முகவரியை, இல்லையென்றால் கட்டுரைக்கான டிஓஐ எண்ணை. தளம் இடம் மாறினாலும் அந்த எண் கட்டுரையைத் தேடிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. கல்லூரி சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பதிப்பகத்தின் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது? கல்லூரி வளாகத்தின் இணைய முகவரியைப் பார்த்து. மாணவி ரோஸ் பெல்லில் தன் வீட்டு இணைப்பிலிருந்து போனால் அவள் யாரோ ஒருத்தி. காசு கேட்கிறது. நடுவில் நூலகத்தின் இடைநிலைக் கணினி (ப்ராக்ஸி) ஒன்று நின்று, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, “இவர் நம்மவர்” என்று உள்ளே அழைத்துப்போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு இணைப்பின் முன்னாலும் நூலகம் தரும் ஒரு முன்னொட்டைச் சேர்க்கணும். நான் சேர்க்கவில்லை. வளாகத்துக்குள் உட்கார்ந்து சோதித்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது எந்த இணைப்பையும் வீட்டுக்கு வந்து, வைஃபையை அணைத்து, கைப்பேசி டேட்டாவில் ஒரு தடவை திறந்துபார்த்த பிறகுதான் போடுகிறேன்.

பிப்ரவரி 12

ஞாயிறு இரவு. பணி ஒப்படைக்கக் கடைசி நேரம் நள்ளிரவு 12. நூலகம் வாங்கிய மின்னூல் ஒன்றில் ஓர் அத்தியாயம் படிக்க வேண்டும். எட்டு மணிக்கு ஓர் அம்மா திறந்தார். எட்டேகாலுக்கு அடுத்தவர் திறந்தால் “இந்நூல் தற்போது பயன்பாட்டில் உள்ளது.” மின்னூலுக்கும் உரிமம் உண்டு: ஒரே நேரத்தில் ஒருவர், மூவர், எண்ணிக்கை வரம்பின்றி என்று விலை ஏறும். எங்களுடையது ஒருவர் உரிமம். 22 பேரை ஒரு நாற்காலிக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மா முதலில் திறந்து, குழந்தை அழுததால் எழுந்துபோய்விட்டார். புத்தகம் அவர் பெயரில் பூட்டியே கிடந்தது.

பதினோரு மணிக்குக் கெடுவை புதன்வரை நீட்டினேன். காலையில் நூலகர் அக்காவிடம் கேட்டபோது அவர் சொன்னது: “பாடத்தில் சேர்க்கிறேன் என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உரிமத்தை ஏற்றி வாங்கியிருப்பேனே.” நூலகத்தில் யாருக்கும் நான் இந்தப் பாடம் எடுப்பதே தெரியாது. எனக்கு அது பெரிய அடி. பருவம் தொடங்க ஆறு வாரம் முன்பே வாசிப்புப் பட்டியலை நூலகத்துக்கு அனுப்புங்கள், தயவுசெய்து.

பிப்ரவரி 20

“எங்கள் நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே இல்லை, எதைச் சேர்ப்பது?” என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்லணும்.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், நூலகர் அக்கா பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டும்வரை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கிரியோலில்தான் பேசிக்கொள்வோம். “எப்படித் தேடினாய், காட்டு” என்றார். சிலப்பதிகாரம் என்று தமிழில் தட்டினேன். ஒன்றும் இல்லை. ரோமன் எழுத்தில், சிங்கப்பூருக்கு வருகிற எஸ் போட்டுத் தட்டினேன். ஒன்றும் இல்லை. அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். கொலம்போவுக்கு வருகிற சி. ‘த’வுக்கு ஹெச் சேர்க்காத வெறும் டி. ‘க’வுக்கு கே. ஐந்து பதிப்பு வந்து நின்றது. தமிழ் தெரியாதவர் தட்டினால் வருகிறது, தமிழாசிரியை தட்டினால் வரவில்லை.

காரணம் இது. பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ஒலிப்பைக் கேட்டு ரோமனில் எழுதுவதில்லை, எழுத்தைப் பார்த்து எழுதுகின்றன. அமெரிக்க நூலகச் சங்கமும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த அட்டவணை அதற்கு அடிப்படை. ச எங்கே வந்தாலும் கொலம்போ சி. ப எங்கே வந்தாலும் பாரிஸுக்கு வருகிற எழுத்து. பம்பாய்க்கு வருகிற எழுத்து வரவே வராது. க எப்போதும் கே, அதனால் சங்கம் என்ற சொல்லில் ஜி கிடையாது. ழ-வுக்கு நாம் போடும் இசட்-ஹெச் கிடையாது, எல்லுக்குக் கீழே கோடு. ற, ன இரண்டுக்கும் கீழே கோடு, ள-வுக்குக் கீழே புள்ளி. தேடும்போது கோட்டையும் புள்ளியையும் விட்டுவிட்டாலும் பெரும்பாலான நூலகப் பட்டியல்கள் பொறுத்துக்கொள்ளும். எழுத்தே மாறினால் பொறுக்காது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் கஷ்டம் இரட்டிப்பு. மொரிஷியஸில் நம் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் பதிந்துவைத்திருக்கிறார்கள். முருகன் என்ற பெயர் இங்கே எம்-ஓ-யூ-ஆர்-ஓ-யூ என்று தொடங்கும். சுப்பையா எஸ்-ஓ-யூ. பிறந்ததிலிருந்து உகரத்துக்கு ஓ-யூ எழுதிப் பழகிய பிள்ளை திருக்குறளையும் டி-ஐ-ஆர்-ஓ-யூ என்றுதான் தட்டுகிறது. அடையாள அட்டையில் இருப்பது ஒரு விதம், சென்னைக்காரர் எழுதுவது ஒரு விதம், நூலகம் எதிர்பார்ப்பது மூன்றாவது விதம். இது பிள்ளையின் குற்றமா?

இப்போது பாடத்தில் குறிப்பிடும் ஒவ்வொரு நூலின் கீழும், பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் கிடைக்குமோ அதை அப்படியே போடுகிறேன், நகலெடுத்து ஒட்டிக்கொள்ள. வகுப்பில் அரை மணி நேரம் அந்த அட்டவணையை நடத்துகிறேன். தமிழாசிரியர்களாயிற்றே, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். ச, ப, க மூன்றும் தெரிந்தாலே முக்கால்வாசி தீர்ந்தது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். பட்டியல் பதிவுக்கு நூலகங்கள் பின்பற்றும் மார்க் என்ற வடிவத்தில் 880 என்று ஒரு புலம் உண்டாம், தலைப்பை மூல எழுத்திலேயே வைத்துக்கொள்ள. அதை நிரப்பினால் தமிழில் தட்டினாலே வந்துவிடும். எங்கள் பதிவுகளில் அது காலி. “நிரப்ப எனக்குத் தமிழ் தெரியாதே” என்றார். எனக்கு அன்று முழுக்க அதே நினைவு.

பிப்ரவரி 21

திருத்தம். பாரதியார் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு, எல்லாம் பாரிஸ் எழுத்தில்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். நூல் தலைப்புக்கு அது சரி. ஆசிரியர் பெயராகத் தேடினால் பம்பாய் எழுத்து. ஆசிரியர் பெயருக்கு நூலகங்கள் ஏற்கெனவே நிலைபெற்ற வடிவத்தைத் தனியாகப் பேணுகின்றன. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

மார்ச் 14

“மிஸ், கோப்பு கெட்டுப்போயிருக்கிறது. எழுத்தெல்லாம் உடைந்து தெரிகிறது.” படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பார்த்தேன். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. 1892 அச்சு. ‘லை’க்கு முன்னால் இணைக்கொம்பு இல்லை, ல-வின் தலையில் யானைத் தும்பிக்கை போல வளைந்து நிற்கிறது. ‘றா’ ஒரே சுழியாகக் கீழே மடங்குகிறது. ணை, னை, ளை எல்லாம் அந்த ‘லை’ போலத்தான். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு வந்த பாடநூல்களில் படித்தவளுக்கு இவை தெரிய வாய்ப்பே இல்லை. என் பாட்டி வீட்டுப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்ததால் எனக்குத் தெரியும்.

நூலகத்தின் தங்கம் என்று நான் காட்டிய பக்கம் அவளுக்குப் பூட்டிய பெட்டி. ஒரு பக்க அட்டவணை செய்தேன்: பழைய வடிவம் இடப்பக்கம், இன்றைய வடிவம் வலப்பக்கம், மொத்தம் பத்துப் பதின்மூன்று எழுத்துதான். பழைய நூலுக்குப் போகும் இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் அது இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவள், தன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் ‘தும்பிக்கை லை’ வரைந்து காட்டியதாகச் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டமாம்.

ஏப்ரல் 3

நடத்துநர் தம்பியிடமிருந்து ஒரு பாடம் கற்றேன். அவருக்குப் படிக்க நேரம் என்றால் பேருந்து மாயேபூர் நிலையத்தில் நிற்கும் இருபது நிமிடங்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு காதில் கேட்கவே விரும்புகிறார். வருடிய பக்கம் வெறும் படம், கைப்பேசியால் அதை வாசிக்க முடியாது. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் ஒருங்குறிப் பாடத்தை வாசிக்கிறது. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய அந்தத் திட்டம், ஒரு பேருந்து நிலையத்தில் இப்படி உதவும் என்று அன்று நினைத்திருப்பார்களா! சொல் பிரித்த பாடமானால் நன்றாகக் காதில் ஏறுகிறது என்கிறார், சேர்த்து எழுதியிருந்தால் இயந்திரம் தடுமாறுகிறது.

அதனால் முடிந்தவரை இரண்டையும் கொடுக்கிறேன், பதிப்பைப் பார்க்கப் படம், கேட்கவும் தேடவும் எழுத்து. மேற்கோள் தரும்போது பக்க எண் வேண்டாம், காதையும் அடி எண்ணும் போதும் என்று விதியை மாற்றினேன். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். குறளுக்கு எண் சொல்கிறோமே, அதேபோல.

மே 27

ஜனவரி 30இல் நான் எழுதியதை இன்று பாதி திரும்பப் பெறுகிறேன்.

இறுதித் திட்டப்பணிக்கு நான் எந்த இணைப்பும் தரவில்லை. “நீங்களே இரண்டு மூலம் தேடிக் கொண்டுவாருங்கள்” என்றேன். 22 பேரில் 3 பேர்தான் நூலகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் பழையபடி விக்கிப்பீடியா. பருவம் முழுக்கப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டேனே, வழி யாருக்குத் தெரியும்? நான்தான் கையைப் பிடித்து நடத்திவிட்டேன். கேள்வி கேட்ட காத்ர் போர்ன் ஐயா “பெரியவர்கள், அவர்களே தேடட்டும்” என்றதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் அப்போது அதைக் கேட்கவில்லை. ஆனால் அவர் முதல் நாளிலேயே விட்டுவிடுகிறார், நான் கடைசிவரை விடவில்லை.

அடுத்த பருவத்துக்கு இப்படி யோசித்திருக்கிறேன். முதல் நாலு வாரம் பக்கத்துக்கே இணைப்பு. அடுத்த நாலு வாரம் நூலின் பெயர் மட்டும், தேடி எடுப்பது அவர்கள் வேலை. அதற்குப் பிறகு கேள்வி மட்டும்.

நூலகர் அக்காவையும் இடம் மாற்றுகிறேன். போன தடவை தேடல் பணி கொடுக்கும் முன்பே ஒரு மணி நேரம் நேரலையில் பேசவைத்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தேட வேண்டிய தேவை வராதபோது என்ன கேட்பார்கள்? ஐந்தாம் வாரத்தில், முதல் தேடல் பணியைக் கொடுத்த மறுநாள் வரட்டும்.

ஆகஸ்ட் 19

வருடிய நூல்களுக்கு இணைப்பு போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. இணைய ஆவணக் காப்பகத்தில் (இன்டர்நெட் ஆர்கைவ்) குறிப்பிட்ட பக்கத்துக்கே இணைப்பு தரலாம், நல்ல வசதி. முகவரியின் கடைசியில் ஆங்கில ‘என்’ எழுத்தோடு ஓர் எண் வரும். அது அச்சுப் பக்க எண் அல்ல. அட்டை, முகப்பு, முகவுரை எல்லாம் சேர்த்து எண்ணிய படத்தின் எண். நான் 57ஆம் பக்கம் என்று எழுதி ‘என்’ 57-க்கு இணைப்பு கொடுத்தேன், போய் நின்றது முகவுரையில். பாதி வகுப்பு முகவுரைக்குப் பதவுரை எழுதியிருந்தது, அக்கறையாகவே எழுதியிருந்தார்கள். மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 24

ஐந்தாம் வாரம் நூலகர் அக்கா வந்தார். ஒரு மணி நேரம் என்று சொல்லி ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. கிரியோலில் கேள்வி மேல் கேள்வி. நான் பேச வேண்டியதே இல்லை.

அக்டோபர் 15

அக்டோபர் 9 முதல் இணைய ஆவணக் காப்பகம் திறக்கவில்லை. அவர்கள்மீது இணையத் தாக்குதல் நடந்திருக்கிறது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரார் புத்தகத்தையெல்லாம் காசு வாங்காமல் காக்கிறவர்கள். ஆனால் எட்டாம் வாரத்தின் எல்லா நூலையும் ஒரே இடத்தில் வைத்தது நான். கடந்த ஐந்து நாளாக ராத்திரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பாதிக்குமேல் கிடைத்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் அங்கே இருப்பதால் உரிமைப் பயமும் இல்லை. ஈழத்து நூல்கள் இரண்டு, ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் தளத்தில் கிடைத்தன. மிச்சம் ஒன்றே ஒன்று, அதன் அச்சுப்படி எங்கள் நூலகத்தின் மூன்றாவது அடுக்கில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கொலம்போ சி-யில்.

இனி ஒரு நூலுக்கு இரண்டு இடம். இரண்டு இடம் கிடைக்காத நூலைக் கட்டாய வாசிப்பில் வைக்கமாட்டேன், விருப்ப வாசிப்பில் வைப்பேன்.

நவம்பர் 30

பிப்ரவரியில் சொன்ன மார்க் 880 விஷயம். யாரோ கேட்டிருந்தீர்கள், என்ன ஆயிற்று என்று.

இரண்டு மாணவிகள் ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமை காலைகளில் நூலகத்துக்கு வருகிறார்கள். அக்கா புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார், அவர்கள் அட்டையைப் பார்த்துத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் தட்டுகிறார்கள், அக்கா புலத்தில் சேர்க்கிறார். ஒரு காலைக்கு எட்டு, பத்து நூல். மொத்தத் தமிழ் நூல்கள் 140 சொச்சம். இதுவரை 96 முடிந்திருக்கிறது. பழைய அச்சு வந்தால் ‘தும்பிக்கை லை’ அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் அக்காவும் ச, ப, க மூன்றையும் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நேற்று ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு நடத்துநர் தம்பி ஒரு படம் அனுப்பினார். மாயேபூர் நிலையம், கையில் கைப்பேசி, பின்னால் பேருந்தின் கைப்பிடிக் கம்பி. திரையில் எங்கள் நூலகத்தின் தேடல் பெட்டி. பெட்டிக்குள் தமிழில் ‘சிலப்பதிகாரம்’. கீழே ஐந்து பதிப்பு. மூன்றாவதை நாளைக்கு எடுத்துவைக்கச் சொல்லி அக்காவுக்குச் செய்தி போட்டாயிற்றாம்.